தினமும் காலை ஆறு மணிக்கு ஓர் எண்

சென்னையில் இயற்பியல் ஆய்வு மாணவியாக நான் மூன்றாவது வருடத்தில் இருந்தபோது, எங்கள் துறைத் தலைவர் ஒரு படிவத்தை என் மேசைமேல் வைத்தார். அறிவியல் படிக்கிற கல்லூரிப் பெண்களுக்கு, ஆய்வில் இருக்கிற பெண்கள் துணையாக இருந்து வழி சொல்லும் திட்டம். மாதம் இரண்டு முறை போனில் பேச வேண்டும், விண்ணப்பம் போட உதவ வேண்டும், அவ்வளவுதான்.

"உனக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

"அனுப்பம்பட்டு மேடம். பொன்னேரிக்கு முந்தின ஸ்டேஷன்."

"அப்போ அந்தப் பக்கத்துப் பொண்ணையே தருவாங்க. கையெழுத்துப் போடு."

போட்டேன். ஆனால் யாருக்கும் வழி சொல்லும் நிலையில் நான் இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் மெல்லிய உலோகப் படலம் பூசி அதன் குணங்களை அளப்பது என் ஆய்வு. ஏழு மாதமாக நான் பூசிய படலமெல்லாம் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்துகொண்டிருந்தது. காலையில் மின்சார ரயிலில் ஏறும்போதே, இன்றைக்கும் உரியத்தானே போகிறது என்று தோன்றும். நெல் விவசாயம் பார்க்கிற என் அப்பா "இன்னும் எத்தினி வருசம்மா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டிருந்தார். கேட்பதைவிட அது மோசம்.

எனக்குக் கொடுத்த பெண்ணுக்கு ஊர் பசியாவரம். பொன்னேரியில் கல்லூரி, பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு. பழவேற்காடு ஏரிக்குள் தீவாக இருக்கிற ஊர் அது. பாலம் வேலை அப்போது முடியவில்லை. தினமும் படகில் பழவேற்காடு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வருவாள். அப்பாவுக்கு ஏரியில் மீன்பிடி. அம்மா காலையில் பஜாரில் மீன் விற்பார்.

முதல் போன் பேச்சிலேயே தப்பு செய்தேன். பெரிய அனுபவசாலி மாதிரி குரலை வைத்துக்கொண்டு, "நீ மீன்வளம் சம்பந்தமா மேல படிக்கலாமே, உங்க ஊருக்கும் குடும்பத்துக்கும் அதுதானே பொருத்தம்?" என்றேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லு."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. எங்க எச்.ஓ.டி. சார், பஞ்சாயத்து ஆபீஸ்ல, சொந்தக்காரங்கோ, எல்லாரும். மீனை நான் பொறந்ததுலேர்ந்து பாக்குறேன் அக்கா. எனக்குத் தண்ணிதான் புரியல."

"தண்ணின்னா?"

அவ்வளவுதான், கொட்டித் தீர்த்துவிட்டாள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் முகத்துவாரம் இருக்கிறது. அது ஒரு வருடம் அகலமாகத் திறந்திருக்கும். இன்னொரு வருடம் மணல் அடைத்துக் கால் நனையாமல் கடக்கலாம். அடைத்துக்கொண்டால் ஏரிக்குள் இறால் வராது, ஊரே சும்மா உட்காரும். ஏன் அடைக்கிறது? கடல் தண்ணீர் உள்ளே எவ்வளவு வருகிறது? எவ்வளவு நேரம் கழித்து அவள் வீட்டுப் படகுத்துறைக்கு வருகிறது? கல்லூரியில் அலைகளைப் பற்றிச் சமன்பாடு போட்டபோது, "இது எங்க ஏரிக்கும் பொருந்துமா?" என்று கேட்டிருக்கிறாள். பாடத்தில் அது இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

எனக்கு வெட்கமாக இருந்தது, கூடவே உடம்பெல்லாம் சுறுசுறுவென்று ஏறியது. "பொருந்துமான்னு எனக்கும் தெரியாது. நான் கண்ணாடி மேல பெயின்ட் அடிக்கிற ஆளு. ஆனா நீ அளந்து பாக்கலாம்" என்றேன்.

ஏதோ ஒரு வேகத்தில் சொன்னது. அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. படகுத்துறைக்குப் பக்கத்தில் சேற்றில் நட்ட ஒரு சவுக்குக் கம்பு. சென்டிமீட்டருக்கு ஒரு கோடு என்று சிவப்பு நெயில் பாலிஷால் இழுத்திருந்தாள். பத்தே நாளில் உப்புத் தண்ணீர் அதை அரித்துவிட்டது. வெள்ளை வலை நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டி, பத்துக்கு ஒரு பச்சை முடிச்சுப் போட்டாள். அது நின்றது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு செய்தி: 34.

"முப்பத்தி நாலு இன்னா?" என்று கேட்டேன்.

"சென்டிமீட்டர் அக்கா. நோட்லயும் எழுதுறேன். உங்ககிட்டயும் இருக்கட்டும்."

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு ஓர் எண் வந்தது. 36. 31. 40. நான் பல் விளக்கும்போது வரும். என் ஆய்வுக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் அதை எழுத ஆரம்பித்தேன். பரிசோதனைக் கூடத்தில் கூட வேலை செய்கிறவர்கள், "இன்னிக்கு எவ்வளவு?" என்று விசாரிக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. ஒரு நாள் ஆறே கால் ஆகியும் எண் வரவில்லை. எனக்கு நிலைகொள்ளவில்லை. ஆறரைக்கு அவள் அம்மாவிடமிருந்து ஒரு குரல் செய்தி.

"டீச்சரம்மா, பொண்ணுக்கு ஜுரம். இன்னிக்கு நாப்பத்தொண்ணு. நானே போய்ப் பாத்தேன், ரெண்டு வாட்டி எண்ணினேன்."

நான் டீச்சர் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லியும் அந்தம்மா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் குரலை அன்றைக்கு நான் நாலைந்து தடவை போட்டுக் கேட்டேன்.

மழைக்காலத்தில் எண்கள் ஏறின. ஆற்றுத் தண்ணீர் ஏரியில் சேர்ந்து எழுபதைத் தாண்டின. பிறகு இறங்கின. பொங்கல் லீவு முடிந்து சென்னைக்குக் கிளம்பின அன்று, அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயில் இருபது நிமிடம் தாமதம். சும்மா இருப்பானேன் என்று லேப்டாப்பைத் திறந்து, அதுவரை சேர்ந்த எண்களையெல்லாம் வரைபடமாகப் போட்டேன்.

திரையில் ஓர் அலை எழுந்தது. ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி, ஏறக்குறைய பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. யாரோ கையால் வரைந்த மாதிரி அவ்வளவு ஒழுங்கு. பிளாட்பாரத்தில் நான் "ஏய்!" என்று கத்தியே விட்டேன். பக்கத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா கூடையை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்.

படத்தை அவளுக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்துக்குள் போன் வந்தது.

"அக்கா! அமாவாசை! பௌர்ணமி! அக்கா, பாருங்க, இது நிலா அக்கா! கம்புல நிலா தெரியுது!"

அவள் கத்த, நான் கத்த, வந்த ரயிலில் நான் ஏறவில்லை. அடுத்த ரயிலில் போனேன்.

அவள் அப்பாவிடம் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறாள். அவர் பார்த்துவிட்டு, "அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணி ஜாஸ்தியா ஏறும். இதுக்கா இத்தினி மாசம் கம்பைப் பாத்தே? என்னைக் கேட்டா சொல்லியிருப்பேனே" என்றாராம்.

"எவ்ளோ ஏறும்னு சொல்லு நைனா. எத்தினி சென்டிமீட்டர்?"

"எவ்ளோன்னு எனக்கு எதுக்கு? படகு போவுதா இல்லியான்னு பாத்தா போதும்."

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மாசி பிறந்ததும் அலை சிறுத்துக்கொண்டே வந்தது. மேடும் பள்ளமும் குறைந்து, ஏறக்குறைய நேர்கோடு. அதே நாட்களில்தான் முகத்துவாரத்தில் மணல் அடைக்க ஆரம்பித்திருந்தது. அதை அவள் யாரும் சொல்லாமல் எண்ணிலேயே கண்டுபிடித்தாள்.

அந்தச் சமயத்தில் ஓர் அறிவிப்பு என் கண்ணில் பட்டது. வேறு மாநிலத்தில், கடலைப் பற்றி ஆராய்கிற ஒரு நிலையம். கோடை விடுமுறையில் எட்டு வாரம் அங்கே தங்கி வேலை செய்யலாம், தங்குமிடமும் உதவித்தொகையும் அவர்களே தருவார்கள். விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். அங்கே நான் இரண்டாவது தப்பு செய்தேன். "ஏழை மீனவக் குடும்பத்தில் பிறந்த முதல் பட்டதாரிப் பெண்ணுன்னு ஆரம்பி, மனசுல நிக்கும்" என்றேன்.

"வேணாம் அக்கா."

"ஏன், உண்மைதானே?"

"உண்மைதான். அதைப் பாத்து எடுத்தாங்கன்னா, எட்டு வாரமும் அங்க நான் பாவமாவே இருக்கணும்."

முதல் வரியை அவளே எழுதினாள். எங்கள் ஏரியின் வாய் அடைக்கும்போது உள்ளே வரும் தண்ணீர் எவ்வளவு குறைகிறது என்று ஆறு மாதமாக அளந்துவருகிறேன், என்று. அதில் நான் மாற்றியது இரண்டு எழுத்துப் பிழை மட்டுமே. நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டது. வீடியோவில், இருபது நிமிடம், பகல் பதினொன்றரை மணி.

தீவில் அவர்கள் வீட்டில் சிக்னல் ஒரு கோடு காட்டினால் அதிசயம்; எண்ணும் குரலும் எப்படியோ வந்து சேரும், வீடியோ வராது. அதனால் நான் காலையிலேயே பழவேற்காடு போய் அவளை அழைத்துக்கொண்டு, பஸ்ஸில் பொன்னேரி வந்து, அங்கிருந்து எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போவது என்று திட்டம். எட்டரை மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவளும் அவள் அம்மாவும் படகிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவளை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. போனில் அவ்வளவு பேசினவள், என்னைப் பார்த்ததும் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே நின்றாள். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா டீச்சரம்மா, இவ்ளோ சின்னப் பொண்ணா கீறீங்கோ?" என்றார்.

பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தோம். பஸ் இல்லை. சாலை முழுக்க ஆட்கள். முகத்துவாரத்தைத் தூர் வாரச் சொல்லிச் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாம் சாலை மறியலுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். திடீரென்று முடிவான மறியல். நான் வந்த பஸ்தான் கடைசி பஸ். அவள் அப்பாவும் முன்வரிசையில் இருந்தார்.

"ஷேர் ஆட்டோ?" என்றேன்.

"ஒண்ணும் வுடமாட்டாங்க அக்கா. எங்க நைனாவே வுடமாட்டாரு."

மணி ஒன்பது. சரி, பழவேற்காட்டிலேயே எங்காவது உட்கார்ந்து பேசலாம் என்று இடம் தேடினோம். ஒரு ஜெராக்ஸ் கடை, தெரிந்தவர் வீட்டு மாடி, பள்ளிக்கூடத்து வராந்தா. போகிற இடமெல்லாம் மைக் செட் கோஷம் காதைப் பிளந்தது. அதைவிட மோசம், வந்திருந்த கூட்டமெல்லாம் மறியலைப் போனில் நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்ததில் நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. சோதனைக்காக நான் பரிசோதனைக் கூடத் தோழியை வீடியோவில் கூப்பிட்டேன். அவள் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. மணி பத்தேகால்.

"போச்சு அக்கா" என்றாள் அவள். குரல் உடையவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவள் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "போன்ல லைன் கிடைக்கணும், சத்தம் இருக்கக்கூடாது. அவ்ளோதானே? ஏரில போனா கிடைக்குமே. தெக்கால கொஞ்ச தூரம் போனா காட்டுப்பள்ளிப் பக்கத்து டவர் நல்லா எடுக்கும். இவங்க நைனா அங்கேர்ந்துதான் எனக்கு போன் போடுவாரு. பக்கத்துல நின்னு பேசற மாதிரி கேக்கும்."

"ஏரிலயா?" என்றேன். நான் நெல் வயல்காட்டில் வளர்ந்தவள். நீச்சல் தெரியாது.

அதற்குள் அந்தம்மா கூட்டத்துக்குள் புகுந்துவிட்டார். இரண்டு நிமிடத்தில் அவள் அப்பா எழுந்து வந்தார். கையில் கொடி. அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்து, "இன்னா மணிக்கு?" என்றார்.

"பதினொண்ணரை நைனா."

"பன்னெண்டுக்கு மேல கடல் காத்து ஏறிடும். அதுக்குள்ள முடியுமா?"

"பதினொன்னு அம்பதுக்கு முடிஞ்சிரும்."

"வா அப்போ."

ஃபைபர் படகில் நாங்கள் நாலு பேரும் ஏறினோம். இன்ஜினைப் போட்டுத் தெற்கே கொஞ்ச தூரம் போய், அலை இல்லாத ஓர் இடத்தில் நிறுத்தினார். இடுப்பளவு ஆழம்தான் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார், என் முகத்தைப் பார்த்துவிட்டு. நீளக் கழியைச் சேற்றில் ஊன்றிப் படகை அசையாமல் பிடித்துக்கொண்டார். மீன் போடும் பிளாஸ்டிக் ட்ரேயைக் கவிழ்த்து அதன்மேல் போனை நிறுத்தினோம். வெயிலில் திரை தெரியவில்லை. அவள் அம்மா குடையை விரித்து அவள் தலைக்கும் போனுக்கும் சேர்த்துப் பிடித்தார். நான் பக்கவாட்டில், திரை தெரிகிற மாதிரி, கேமராவில் மட்டும் படாமல், படகின் இரண்டு விளிம்பையும் பற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். சிக்னல் நாலு கோடு.

சரியாகப் பதினொன்றரைக்கு மூன்று முகங்கள் தெரிந்தன. இரண்டு ஆண்கள், ஒரு நரைத்த தலை அம்மா.

"எங்கே உட்கார்ந்திருக்கிறாய்?" என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார். "பின்னால் அசைகிறதே."

"படகில் சார். ஊரில் சாலை மறியல்" என்று ஆங்கிலத்தில் சொன்னவள், அடுத்த வாக்கியத்துக்குத் தடுமாறினாள். அந்த அம்மா சிரித்துவிட்டுத் தமிழிலேயே, "தமிழ்ல சொல்லும்மா, இவங்களுக்கு நான் சொல்லிடறேன்" என்றார். எனக்குப் போன உயிர் வந்தது.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. கம்பு, வலை நூல் முடிச்சு, மழைக்கால ஏற்றம், பதினைந்து நாள் அலை, அலை சிறுத்தது, முகத்துவாரம் அடைத்தது எல்லாம் வந்தது. நாங்கள் நாலு முறை ஒத்திகை பார்த்த பதில்களில் ஒன்றைக்கூட அவள் சொல்லவில்லை. ஒத்திகையைவிட நன்றாகச் சொன்னாள். வரைபடத்தைத் திரையில் காட்டியபோது மூன்று பேரும் முன்னால் சாய்ந்ததை நான் பார்த்தேன்.

நரைத்த தலை அம்மா கேட்டார்: "தினமும் ஒரே நேரத்துல அளந்தியா?"

"ஆமா மேடம். காலைல ஆறு மணி. ஒரு நாள்கூட விடல."

"அங்கதான் எனக்கு ஒரு சந்தேகம். தண்ணி ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறி இறங்குது. ஏற்ற நேரம் தினமும் கொஞ்சம் தள்ளிப்போகுது, ஏறக்குறைய முக்கால் மணி நேரம். இன்னிக்கு ஆறு மணிக்கு உச்சியில இருந்தா, ஒரு வாரம் கழிச்சு அதே ஆறு மணிக்கு அடியில இருக்கும். இன்னொரு வாரத்துல திரும்ப உச்சி. அப்போ உன் படத்துல இருக்கிற அலை, அமாவாசை பௌர்ணமிக்குத் தண்ணி ஜாஸ்தியா ஏறினதால வந்ததா? இல்ல, நீ ஆறு மணிக்கு மட்டும் போய்ப் பாத்ததால வந்ததா?"

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேகமாக மாறுகிற ஒன்றை இடைவெளி விட்டு விட்டு அளந்தால் இல்லாத அலை ஒன்று தெரியும் என்பதை நான் எம்.எஸ்சி.யில் படித்தவள், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள். இரண்டு மாதம் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் குதித்திருக்கிறேன், ஒரு தடவைகூட மண்டையில் உறைக்கவில்லை. அந்தப் பெண் என்னை நம்பி வந்திருக்கிறாள்.

அவள் திரையைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். அவள் அம்மா வெயிலுக்கு ஏற்றபடி குடையைக் கொஞ்சம் சாய்த்தார்.

"தெரியாது மேடம்" என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆனா தெரிஞ்சுக்கலாம்" என்று தொடர்ந்தாள். "ஒரே நேரத்துல பாத்ததுதான் தப்புன்னா, காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மணிக்கு ஒரு தடவை பாக்கறேன். அன்னிக்கு மேல எவ்ளோ, கீழ எவ்ளோன்னு கிடைச்சிரும். பதினஞ்சு நாளு அப்படிப் பாத்தா, அமாவாசைக்கு நிஜமாவே ஜாஸ்தி ஏறுதான்னு தெரிஞ்சிரும். நாளைக்கே ஆரம்பிக்கறேன்." ஒரு நொடி நிறுத்தினாள். அவள் கண் பெரிதானது. "மேடம், ஆனா ஒண்ணு. கடிகாரத்தால வந்த அலையா இருந்தாக்கூட, மாசியில அது சிறுத்துச்சே? தண்ணி ஏறி இறங்கறது குறைஞ்சாத்தானே அது சிறுக்கும்? அப்போ முகத்துவாரத்தைப் பத்தி நான் சொன்னது நிக்குதுல்ல?"

அந்த அம்மா பக்கத்தில் இருந்தவர்களிடம் ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ சொன்னார். ஒருவர் சிரித்தபடி தலையாட்டினார். "நிக்குது" என்றார் அந்த அம்மா. "நல்லாவே நிக்குது."

பதினொன்று ஐம்பத்திரண்டுக்குத் திரை அணைந்தது. நான் முதலில் சொன்னது, "என்னை மன்னிச்சிரு, அதை நான் பாத்திருக்கணும்" என்பதுதான்.

அவள் காதிலேயே வாங்கவில்லை. "அக்கா, இன்னா கேள்வி அக்கா அது! எவ்ளோ அழகான கேள்வி! ஆறு மாசம் கம்பையே பாத்தேன், எனக்குத் தோணலயே!" என்று படகில் எழுந்து நின்றுவிட்டாள். படகு ஆடியது, நான் அலறினேன், அவள் அம்மா குடையோடு சேர்த்து அவளை இழுத்து உட்காரவைத்தார்.

கழியை உருவிக்கொண்டே அவள் அப்பா சொன்னார்: "அந்தம்மா கேட்டது சரிதான். தண்ணி தினம் தள்ளித்தானே ஏறும். இதையும் நான் சொல்லியிருப்பேன். கேட்டாத்தானே?"

"நைனா!" என்று அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். எல்லாரும் சிரித்தோம். கரையில் எங்களை இறக்கிவிட்டு, அவர் திரும்பப் போய்க் கொடியை வாங்கிக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் விடிந்ததும் வேலை ஆரம்பம். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, மணிக்கு ஒரு தடவை. அவளுக்குக் கல்லூரி இருந்ததால் காலையும் மாலையும் மட்டும் அவள். முற்பகலில், மீன்பிடித்துத் திரும்பிய அப்பா துறையில் உட்கார்ந்து வலை சரிபார்த்துக்கொண்டே அளந்தார். பஜார் முடிந்து வந்தபிறகு அம்மா. போனில் மணிக்கு ஒரு அலாரம் வைத்துக்கொடுத்திருந்தாள். என் வாட்ஸ்அப்பில் நாளுக்குப் பதின்மூன்று எண்கள் வந்து விழுந்தன. அப்பா எண்ணை மட்டும் சொல்லமாட்டார். "முப்பத்தெட்டு. காத்து கரைப் பக்கமா அடிக்குது, அதனால ஒரு ரெண்டு ஜாஸ்தி காட்டும்" என்று குரலில் அனுப்புவார். அந்தக் குறிப்புகளையும் அவள் விடாமல் நோட்டில் ஏற்றினாள். ஒரு நாள் அவரே என்னைக் கூப்பிட்டு, "டீச்சரம்மா, மணிக்கு ஒரு வாட்டி பத்தாது. அரை மணிக்குப் பாத்தா உச்சி சரியா புடிபடும்" என்றார்.

பதினைந்து நாள் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் போனில் பேசிக்கொண்டே படம் போட்டோம். முகத்துவாரம் முழுக்க அடைபடாததால் தண்ணீர் கொஞ்சமாவது ஏறி இறங்கியது; அமாவாசையை ஒட்டிய நாட்களில் மேலுக்கும் கீழுக்கும் உள்ள தூரம் நிஜமாகவே அதிகம். ஆனால் நாங்கள் கூத்தாடிய அந்தப் பெரிய அலையில் அதன் பங்கு கொஞ்சம்தான். மீதியெல்லாம் காலை ஆறு மணி செய்த வேலை. அவள் பாதி சரி, பாதி தப்பு. அந்த இரண்டு பாதியையும் இரண்டு படமாகப் போட்டு, நேர்காணலில் கேள்வி கேட்ட அந்த அம்மாவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. "நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்" என்பதுதான் தலைப்பு.

முடிவு வந்தது. தேர்வானவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவது.

அன்றைக்கு நான் நிறைய ஆறுதல் சொல்லத் தயாராகப் போன் செய்தேன். அவள், "அந்த மேடம் ரிப்ளை போட்டிருக்காங்க அக்கா, முழுசா ஒரு பக்கம்! கம்பு சேத்துல இறங்குதான்னு எப்படிச் சரிபாக்கறதுன்னு கேட்டிருக்காங்க. நான் பக்கத்துல ரெண்டாவது கம்பு நடப்போறேன்" என்றாள். என் ஆறுதலை நானே வைத்துக்கொண்டேன். அவளிடம் பேசிவிட்டு வைத்ததும், பரிசோதனைக் கூடத்தில் படலத்தைச் சூடாக்கும் உலையைத் திறந்து, அத்தனை மாதமாகச் செய்யாத ஒரு காரியம் செய்தேன். படலம் ஏன் உரிகிறது என்று புலம்பாமல், எத்தனாவது நிமிடத்தில் உரியத் தொடங்குகிறது என்று உட்கார்ந்து அளந்தேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம், நான் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எடுத்ததும் ஒரே சத்தம். அவள் சத்தம், அவள் அம்மா சத்தம், பின்னால் படகு இன்ஜின் சத்தம். தேர்வானவர்களில் இரண்டு பேர் வரவில்லையாம். வரிசைப்படி அடுத்து இவள். மே முதல் வாரம் வரச் சொல்லிவிட்டார்கள்.

"போறேன் அக்கா! நான் போறேன்!"

சோற்றுக் கையோடு நான் மேசையைச் சுற்றி ஓடினேன். என்ன ஆச்சு என்று கேட்ட எல்லாரிடமும், "பசியாவரத்துக்குக் கிடைச்சிருச்சு, பசியாவரத்துக்குக் கிடைச்சிருச்சு" என்றேன். யாருக்கும் புரியவில்லை. ஆனால் எல்லாரும் கைதட்டினார்கள்.

போகும் முன் வேலைகள் இருந்தன. ரயிலில் தனியாகப் போவாளா என்று சொந்தக்காரர்கள் கேள்வி கேட்டார்கள். அவள் அம்மா, "நான் கூடப் போய் வுட்டுட்டு வரேன், எனக்கும் அந்தக் கடலைப் பாக்கணும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். பூட்டு, வாளி, அடையாள அட்டை நகல்கள் என்று நான் பட்டியல் போட்டேன். அங்கே போய்ப் புரியாததைப் புரியவில்லை என்று முதல் வாரமே சொல்லிவிட வேண்டும், மூன்றாவது வாரம் சொன்னால் கஷ்டம் என்றும் சொன்னேன். என் ஆய்வு வாழ்க்கையில் நான் சொந்தமாகக் கற்ற ஒரே பாடம் அது. சென்ட்ரலில் வண்டி நகர்ந்தபோது, ஜன்னல் கம்பி வழியாக அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் விடவில்லை. நானும் பிளாட்பாரத்தில் ஓடினேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் வேறொரு பல்கலைக்கழகத்தில் கடலியலில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. நான் என் ஆய்வேட்டைப் போன மாதம் சமர்ப்பித்தேன். திட்டத்தின் கணக்குப்படி எங்கள் தொடர்பு ஒரே வருடம்தான். அது முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது என்பதை இருவரும் கவனிக்கவே இல்லை.

போன வாரம் கூப்பிட்டாள். குரலில் ஏதோ மாதிரி. ஆய்வுத் திட்டத்துக்கு அவளுக்குப் பழவேற்காடு ஏரியைக் கொடுக்கவில்லையாம். ஒடிசாவில் இருக்கிற வேறு ஓர் ஏரியைக் கொடுத்திருக்கிறார்கள்.

"கஷ்டமா இருக்கா?" என்றேன்.

"ஒரு பத்து நிமிஷம் இருந்துச்சு அக்கா. அப்புறம் அந்த ஏரியோட வரைபடத்தை எடுத்துப் பாத்தேன். அதுக்கும் வாய் அடைக்குது! அதுவும் எங்க ஏரி மாதிரியே மணல் மேடு போட்டு. நான் இவ்ளோ நாளா, உலகத்துலேயே எங்க ஊர்லதான் இப்படின்னு நெனச்சிட்டிருந்தேன் அக்கா. ஆப்பிரிக்காவுல இருக்கு, ஆஸ்திரேலியாவுல இருக்கு. எல்லா எடத்துலயும் அடைக்குது, எல்லா எடத்துலயும் யாரோ உக்காந்து ஏன்னு பாத்துட்டிருக்காங்க!"

ஒவ்வொரு ஏரியாகப் படம் அனுப்ப ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது. வீட்டுக்குத் திரும்பும் மின்சார ரயிலில் நான் கதவோரம் நின்றுகொண்டு ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். எந்த ஊர் என்று எனக்குத் தெரியாத நீலத் தண்ணீர்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் மெல்லிய மணல் கோடு. பொன்னேரி தாண்டியும் படங்கள் வந்துகொண்டே இருந்தன. நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் எப்போதோ போய்விட்டிருந்தது.